தாச்சியில் வற்றிய பால்

பால் வண்டிக்காரன் மூன்றாம் நாளும் வாசல் படலையடியில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். முதல் நாள் இறங்கி வந்தே கேட்டான்.

"என்னக்கா, மாடு வத்திப் போச்சோ?"

அமராவதி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாட்டில் ஒரு பிழையும் இல்லை. சிவலை காலையில் நாலு லீற்றரும் பின்னேரம் இரண்டு லீற்றரும் குறைவில்லாமல் தந்துகொண்டுதான் நின்றது. பால் வற்றியது குசினிக்குள், அடுப்பில் இருந்த இரும்புத் தாச்சியில். வண்டிக்காரனிடம் அதைச் சொன்னால் உருத்திரபுரம் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பதற்கு ஊருக்கு ஏற்கெனவே அவளுடைய மனிசன் மயில்வாகனம் இருந்தார், அது போதும் என்று அவள் நினைத்தாள்.

வேலை விடியவே தொடங்கிவிடும். கறந்த பாலைக் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து திரைய வைக்க வேண்டும். திரைந்ததைப் பழைய வேட்டித் துண்டில் வடித்தால் கட்டி மேலே நிற்கும், மஞ்சள் தண்ணி கீழே இறங்கும். மற்ற வீடுகளில் அந்தத் தண்ணியை மாட்டுக்கே ஊற்றிவிடுவார்கள். இங்கே அந்தத் தண்ணிதான் முக்கியம். அதை இரும்புத் தாச்சியில் விட்டு, கழுவின இரும்பாணி நாலைந்தும் உப்பும் போட்டு, மூன்று மணித்தியாலம் வற்றக் காய்ச்ச வேண்டும். கை எடுத்தால் அடிப்பிடிக்கும். சோளகக் காற்று வேலியைத் தாண்டி வந்து புகையைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். கடைசியில் நாலு லீற்றர் பாலுக்கு ஒரு சின்னத் தட்டளவு கறுத்த களி மிஞ்சும். அதைத்தான் மயில்வாகனம் பத்து மணிக்கு வழித்துத் தின்றுவிட்டு, பதினொரு மணிக்குக் கள்ளுத் தவறணைக்குப் போவார்.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வைகாசி மாதம் வயலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நின்றவர், வரம்பில் குந்தியிருந்து சத்தி எடுத்தார். கோப்பித்தூள் கரைத்த மாதிரி முதலில் வந்தது, பிறகு பச்சை இரத்தமாகவே வந்தது. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் கிடத்தித்தான் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டொக்டர் அவர்களுடைய மகள் பிரஷாந்தினியின் வயதுப் பெண். ஆறாம் நாள் அவள் அமராவதியை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஐயாவுக்கு உள்ளுக்கை தோல் உரிஞ்ச மாதிரிக் கிடக்கு. ஈரலும் பாதி போட்டுது. இனி ஒரு சொட்டும் ஆகாது. இன்னொருக்கா இப்பிடி இரத்தம் எடுத்தால், நீங்கள் இஞ்சை கொண்டுவந்து சேர்க்க முதலே ஆள் முடிஞ்சிடும். மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போனாலும் அது இரத்தம்தான். உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ."

அமராவதி அதை அவரிடம் சொல்லவில்லை. "இனிக் குடிச்சால் செத்துப் போவியளாம்" என்று மட்டும் சொன்னாள். அதை அவள் கலியாணம் கட்டின காலம் தொட்டே சொல்லிக்கொண்டிருந்தபடியால் அவருக்கு அது புதிதாய்க் கேட்கவில்லை.

ஆனாலும் பயந்துதான் போனார். இருபத்திரண்டு நாள் தவறணைப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. அந்த இருபத்திரண்டு நாளும் வீட்டில் இருந்த மனிசனை அமராவதிக்குப் பிடிக்கவில்லை. குடிக்காத மயில்வாகனம் குடித்த மயில்வாகனத்திலும் பொல்லாதவர். புட்டில் உப்பில்லை என்று கோப்பையைத் தள்ளினார். யப்பான் மீன் குழம்பில் சேறு மணக்குது என்றார். கோழி கூவினால் கோழியோடு சண்டை, காற்று அடித்தால் காற்றோடு சண்டை. மற்ற நேரங்களில் கதிரையை மாமரத்துக்குக் கீழே போட்டு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். அவள் தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டினால் கை வரும், கண் வராது. இருந்தும் அவள் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வருசம் இப்படியே முறுகிக்கொண்டு இருக்கட்டும், பரவாயில்லை, உயிரோடு முறுகட்டும் என்று நினைத்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் சுவிஸிலிருந்து அவளுடைய தம்பி ஜனகன் போன் எடுத்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. நல்ல பெடியன், அக்காவில் பாசமானவன். வாயை மூடத் தெரியாதவன்.

"அக்கா, அத்தானையும் கூப்பிடு. ஒரு நல்ல விசயம். பாலிலை இருக்கிற ஒரு புரதத்தை எடுத்து, கனநேரம் காய்ச்சி, நூல் நூலா மாத்தி, அதிலை இரும்பைச் சேர்த்து ஒரு களி செய்திருக்கிறாங்களாம். அதைத் திண்டுபோட்டுக் குடிச்சால் சாராயம் குடலுக்குள்ளையே வினாகிரி மாதிரி மாறிப்போகுமாம். குடலுக்கும் பழுதில்லை, ஈரலுக்கும் பழுதில்லை."

மாமரத்தடியில் இருந்து ஸ்பீக்கரில் கேட்டவர், இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாகக் கதிரையைத் திருப்பிப் போட்டு, போனைக் கையில் வாங்கினார்.

"கடையிலை விக்குதோ?"

"இன்னும் இல்லை அத்தான். எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்கிறாங்கள்."

"எலி தப்பினதோ?"

"தப்பினதாம்."

"பேந்தென்ன. பால், இரும்பு, வேறை என்ன போடுறாங்கள்?"

"கொஞ்சம் சீனி போல ஒண்டு. உப்புத்தண்ணி. பவுன் பொடியும் கண்ணுக்குத் தெரியாத அளவு போடுறாங்களாம்."

மயில்வாகனம் போனை அமராவதியின் கையில் கொடுத்துவிட்டு அவளுடைய கழுத்தைப் பார்த்தார்.

"கழட்டு."

"எதை?"

"உதைத்தான். உதை விட்டால் இந்த வீட்டிலை வேறை பவுன் எங்கை கிடக்கு?"

"தாலியைப் பாலுக்குள்ளை போட்டு அவிக்கச் சொல்லுறியளோ?"

"அது ஆருக்காகக் கட்டினது? எனக்காகத்தானே. அப்ப எனக்கு உதவட்டுமன்."

"நீங்கள் போனாப் பிறகு அதைக் கழட்டத்தான் போறன். அதுக்கிடையிலை என்ன அவசரம்?"

இப்படி அன்று முழுக்க நடந்தது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் களியை அவரைவிட அமராவதிதான் கூட நம்பினாள். அவர் நம்பியது குடிக்கலாம் என்பதற்காக. அவள் நம்பியது அவர் எப்படியும் ஒரு நாள் குடிப்பார் என்று தெரிந்தபடியால். இருபத்திரண்டு நாள் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய தூரம் என்று அவளுக்குத் தெரியாதா? இனி எத்தனை நாள் போவார்? போகிற உயிரைப் பிடித்து வைக்கப் பாலில் ஒரு வழி இருக்கிறதென்றால், மாடு வளர்க்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தாலியைக் கழற்றவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி, சந்தனக் கல்லில் இரண்டு துளி பாலை விட்டு உரைத்தாள். பிறந்த பிள்ளைக்கு அப்படிப் பொன் உரைத்து நாக்கில் தடவுகிறது அவர்களுடைய வழக்கம். பிரஷாந்தினி பிறந்தபோதும் அதே தோட்டைத்தான் உரைத்தாள். அந்த மகள் கலியாணம் முடித்துத் தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கிறாள். இப்போது ஐம்பத்தைந்து வயதுப் பிள்ளைக்கு உரைத்துத் தாச்சியில் வழித்துவிட்டாள்.

முதல் நாள் களியை மயில்வாகனம் முகத்தைச் சுளித்துத் தின்றார்.

"ஆணி நக்கின மாதிரிக் கிடக்கு."

"ஆணிதானே போட்டது."

"எப்பன் சர்க்கரை போட்டாலென்ன?"

"வேணுமெண்டால் தின்னுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. இது பலகாரமில்லை."

அன்று அவர் கள்ளு மட்டும் குடித்துவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாளளவில் மனிசனுக்குத் துணிவு வந்துவிட்டது. முந்திக் கள்ளோடு நின்றவர், இப்போது கள்ளுக்கு மேலே கால் போத்தல் சாராயமும் விட்டார். "உள்ளுக்கை பூசிக் கிடக்கெல்லோ" என்றார். தவறணையில் பெரிய விஞ்ஞானி மாதிரிக் கதைத்தாராம். அதைக் கேட்டு ஒரு நாள் காலை அப்புத்துரை படலையடிக்கு வந்தார். மயில்வாகனத்தோடு ஒரே வாங்கில் இருந்து குடிக்கிறவர், அறுபது வயதைத் தாண்டினவர்.

"பிள்ளை, மயிலுக்குச் செய்யிறதிலை எனக்கும் எப்பன் தாவன்."

"உங்கடை மனிசியைக் கேளுங்கோ அண்ணை."

"அவளட்டை மாடு இல்லைப் பிள்ளை."

"உங்களட்டை ஈரல் இருக்கோ?"

அப்புத்துரை சிரித்துக்கொண்டு நின்றார். அவள் சிரிக்கவில்லை, படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் தாச்சி அடிப்பிடித்துவிட்டது. அன்று முழுக்க அதைச் சுரண்டிச் சுரண்டி அப்புத்துரையைத் திட்டினாள்.

ஆடி நடுப்பகுதியில் மயில்வாகனத்தின் கண் வெள்ளை மஞ்சளடித்தது. கால் வீங்கியது. ஒரு நாள் காலை, கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் தானாகவே சொன்னார்.

"இப்ப ரண்டு நாளாக் கறுப்பாத்தான் போகுது."

பால் செம்போடு போனவள் நின்றுவிட்டாள்.

"என்ன கறுப்பா?"

"தார் மாதிரி. இரும்பு வேலை செய்யுது. வேறை என்ன?"

"அது இரத்தம். டொக்டர் பிள்ளை சொன்னவா."

"அவாக்கு நான் இரும்பு தின்னுறது தெரியுமோ? ஆணியைத் திண்டால் கறுப்பாப் போகாமல் வெள்ளையாப் போகுமோ?"

"வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நீ போ. உனக்குத்தான் விசர். அங்கை ஒரு கட்டில் பிடிச்சுப் படு."

இரத்தமா, இரும்பா? அவளுக்கும் தெரியவில்லை. டொக்டர் பெண் ஒரேயொரு அடையாளம் சொல்லிவிட்டிருந்தாள், அதையும் அவளே ஆணி போட்டு அவித்து அழித்துவிட்டாள். தன்னிலேயே ஆத்திரம் வந்தது. செம்பை விறாந்தையில் குத்தி வைத்தாள். பால் தளும்பி நிலத்தில் ஊற்றியது. அதைத் துடைக்கவும் இல்லை.

அவர் தவறணைக்குப் போன பிறகு ஜனகனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்டைக்குச் சொன்னனீயே, அந்தப் பால் களிக் கதை. அதை எடுத்து முழுக்க வாசி. ஒரு சொல்லும் விடாதை."

"ஏனக்கா, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறன்."

"நிண்டுகொண்டே வாசி."

அவன் தேடி எடுத்து வாசித்தான். ஜெர்மன் மொழியில் கிடந்ததைத் தமிழில் இழுத்து இழுத்துச் சொன்னான். மனிசருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. இரத்தத்தில் ஏறின பிறகு அது ஒன்றும் செய்யாது. குடலுக்குள் நிற்கும்போதே மாற்றிவிடும்.

"அதாலை இரத்தத்துக்குப் போறது நல்லாக் குறையும். குடிச்ச வெறியும் வராதாம்."

"என்ன சொன்னனீ?"

"வெறி வராது அக்கா. இரத்தத்திலை ஏறினால்தானே வெறி. இது ஏற முதலே பிடிச்சிடுதாம்."

"அப்ப உன்ரை அத்தான் ஒவ்வொரு நாளும் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாடுறாரே, அது என்ன?"

ஜனகன் வாசிக்கிறதை நிறுத்தினான்.

"அக்கா, அத்தான் என்னத்தைத் தின்னுறார்?"

"நான் செய்யிறதை."

"நீ செய்யிறியோ? குசினியிலையோ? ஐயோ அக்கா, அது மிசினுகள் வைச்சு, அளந்து அளந்து செய்யிறது. நான் சும்மா ஒரு புதினம் சொன்னனான். செய்து குடு எண்டு ஆர் சொன்னது?"

"சும்மா சொல்லுறதுக்கு உனக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையே" என்றுவிட்டு அவள் போனை நிற்பாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் அடுப்படியில் கனநேரம் இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக, ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்கு அவர் வெறியில் வந்தார். களி வேலை செய்யவில்லை என்று அவர் தள்ளாடின ஒவ்வொரு அடியும் சொன்னது. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த நாளுக்கான தேசிக்காயைப் பிடுங்கினாள். இதை விளங்கப் படிப்பு வேண்டியதில்லை. வெறி வருகிறதென்றால் மருந்து வேலை செய்யவில்லை. இவ்வளவுதான். இந்தச் சின்னக் கணக்குத் தெரியாத மோட்டுச் சீவனாய் இருந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு வேறொன்று மனதில் வந்தது, அது அவளை இருக்கவிடவில்லை. அசல் மருந்து கிடைத்தால்? குடல் தப்பும், ஈரல் தப்பும், உயிர் தப்பும், வெறி மட்டும் இல்லை என்றால், மனிசன் தின்பாரா? தின்பார் என்றால் கையைக் காலைப் பிடித்தாவது இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். நாளைக்கே காலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். தின்னமாட்டார் என்றால்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது.

அடுத்த நாள் அவள் வேண்டுமென்றே சுணக்கினாள். இரும்புத் தாச்சியை எடுக்கவில்லை, ஆணி போடவில்லை. அலுமினியச் சட்டியில் பால் தண்ணியை வற்றவிட்டாள். களி வெளிர் நிறமாக வந்தது. மயில்வாகனம் இரண்டு தரம் குசினி வாசலுக்கு வந்து பார்த்தார்.

"இன்னும் முடியேல்லையோ?"

"நீங்கள் போங்கோ. நான் கொண்டுவாறன்."

"நீயோ? அங்கையோ?"

"ஏன், எனக்குக் கால் இல்லையோ?"

அவர் நம்பவில்லை. சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவரும் தவறணை வாசலை மிதிப்பதில்லை. புருசன்மாரைக் கூப்பிட வேண்டியிருந்தாலும் வாய்க்கால் கரையில் நின்று, போகிற வருகிற ஆரிடமாவது சொல்லிவிடுவார்கள். அமராவதி சேலையை மாற்றிக்கொண்டு, தட்டை ஈயக் கோப்பையால் மூடிக்கொண்டு, வாய்க்கால் கட்டால் நடந்தாள். வெயில் பிடரியில் அடித்தது. சோளகம் புழுதியைத் தூக்கி வாயில் போட்டது. எதிரே சைக்கிளில் வந்த ஒருத்தன் இறங்கி நின்று, அவள் எங்கே திரும்புகிறாள் என்று பார்த்தான். அவள் தவறணைக்குள்ளேயே திரும்பினாள்.

தகரக் கொட்டிலுக்குள் ஏழெட்டுப் பேர் வாங்கில் இருந்தார்கள். கள்ளு வார்க்கிறவன் யாடியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். மயில்வாகனத்தின் முன்னால் கள்ளு நிரம்பின கிளாஸ் இருந்தது. இன்னும் வாய் வைக்கவில்லை.

"உனக்கென்ன விசரே? இஞ்சை ஏன் வந்தனி?"

"கொண்டுவாறன் எண்டு சொன்னனான்தானே. இண்டைக்கு இது அசல். ஜனகன் பார்சலிலை அனுப்பின பொடி போட்டது."

பொய். அவள் சொல்லிப் பழகாதவள், ஆனாலும் குரல் பிசகவில்லை. தட்டைத் திறந்து வாங்கில் வைத்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறமே வேறையாக் கிடக்கு" என்றார் மயில்வாகனம்.

"அசல் எண்டால் வேறையாத்தான் கிடக்கும். இதைத் திண்டால் குடலுக்கும் ஒண்டுமில்லை, ஈரலுக்கும் ஒண்டுமில்லை. ஒரு போத்தல் குடிச்சாலும் உங்களுக்கு ஒண்டும் ஆகாது."

அப்புத்துரை கையை நீட்டினார். "எனக்கும் எப்பன் வை பிள்ளை. அண்டைக்குத்தான் துரத்திப்போட்டாய்."

"எடுங்கோ அண்ணை. ஆனால் ஒண்டு. வெறி வராது."

"வராதெண்டால்?"

"குடிக்கிறதெல்லாம் குடலுக்குள்ளையே வினாகிரியாப் போயிடும். எவ்வளவு குடிச்சாலும் தண்ணி குடிச்ச மாதிரி எழும்பி நேரா வீட்டை போகலாம்."

அப்புத்துரையின் கை தட்டுக்கு மேலே நின்றது. பிறகு திரும்பி மடிக்குப் போனது.

"அப்ப நான் ஏன் கள்ளு வாங்கிறன்? வாய்க்காலிலை சும்மா தண்ணி போகுதே."

வாங்கில் இருந்தவர்கள் குலுங்கினார்கள். அவள் தட்டை அடுத்தவனிடம் நகர்த்தினாள். அவன் "ஐயோ அக்கா, எனக்கு வேண்டாம்" என்று உடம்பையே பின்னுக்கு இழுத்தான். அதற்கடுத்தவன் நாயை விரட்டுகிற மாதிரிக் கையை விசுக்கினான். கடைசியில் தட்டு மயில்வாகனத்தின் முன்னால் வந்து நின்றது.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் அமராவதி. "ஒரு மாசமா இதுக்குத்தானே என்னைப் புகைக்குள்ளை இருத்தி வைச்சனீங்கள். இந்தா, வந்திட்டுது. தின்னுங்கோ."

அவர் களியைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். மஞ்சளடித்த கண் இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. இன்னும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, நல்ல நிதானத்தில்தான் இருந்தார். அதை அவள் கவனித்து வைத்துக்கொண்டாள்.

"கொண்டு போ."

"ஏன்?"

"கொண்டு போ எண்டுறன்."

"டொக்டர் பிள்ளை என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொன்னதை நான் உங்களுக்கு முழுக்கச் சொல்லேல்லை. இன்னொருக்கா இரத்தம் எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமாட்டியளாம். கறுப்பாப் போறது இரும்பில்லை, உங்கடை இரத்தம். இது வேண்டாமெண்டால் எழும்புங்கோ, இப்பவே கிளிநொச்சிக்குப் போவம். ரண்டிலை ஒண்டைச் செய்யுங்கோ."

அத்தனை பேருக்கு முன்னால் மனிசி வந்து நின்று இப்படிக் கேட்டுவிட்டாள், மயில்வாகனத்துக்கு முகத்தை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது. கிளாஸைக் கையில் எடுத்தார். வாங்கில் இருந்தவர்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"வெறியில்லாமல் இவளோடை ஒரு வீட்டுக்கை மனிசன் எப்பிடியடாப்பா இருக்கிறது?"

தகரம் அதிரச் சிரித்தார்கள். அப்புத்துரை தொடையில் தட்டினார். கள்ளு வார்க்கிறவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அமராவதி அவர்கள் சிரித்து முடிக்குமட்டும் நின்றாள். பிறகு கோப்பையை எடுத்துத் தட்டை மூடினாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் இருபத்தாறு வருசமா வெறியில்லாமல்தான் உங்களோடை இருக்கிறன்."

மயில்வாகனம் கையில் எடுத்த கிளாஸைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அமராவதி தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, களியை வாய்க்காலில் கொட்டினாள். தட்டை அங்கேயே மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பிறகு, நாளைக் காலையிலிருந்து பால் எடுக்க வண்டியை வரச்சொல்லிப் போன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.